பாகற்காய்க்குள் புழு வாழ்வது எப்படி?

பாகற்காயை நறுக்கும்போது உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிவதைப் பார்த்திராத உம்மாமார் நம் பகுதியில் இருக்க மாட்டார்கள். வெளியே பார்த்தால் பச்சைப்பசேலென்று நல்ல காய். ஒரு பக்கத்தில் ஊசி குத்தியது போல ஒரு சிறு புள்ளி, அதைச் சுற்றிக் கொஞ்சம் மஞ்சள். அந்த இடத்தில் காய் சற்று வளைந்திருக்கும். அவ்வளவுதான் அடையாளம். கத்தியை வைத்தால் உள்ளே எல்லாம் அழுகல். காயைத் தூர எறிந்துவிட்டு, "இந்தக் கசப்பையும் தின்ன ஒரு புழுவா!" என்று சொல்லிக்கொண்டே அடுத்த காயை எடுப்போம்.

சகோதரிகளே! அந்தக் கேள்வியைச் சற்று நிதானித்துக் கேட்டுப் பார்ப்போம். உப்பிட்டுப் பிழிந்து, தேங்காய்ப்பால் விட்டு ஆக்கினாலும் பிள்ளைகள் முகம் சுளிக்கும் காய் அது. அதற்குள் பிறந்து, அதையே உண்டு, அதிலேயே கொழுத்து வளர்கிறது ஒரு ஈயின் புழு. கசப்பு அதற்குத் தெரியாதா? தெரிந்தும் பழகிவிட்டதா? பழகியது எப்படி? உலகின் பல மூலைகளில் இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் கண்டெடுத்திருக்கும் விடைகள் வியப்பானவை. வியப்போடு முடிந்துவிடுபவையும் அல்ல. வளவில் மருந்துப் போத்தலைக் கையில் எடுக்கும் முன் நாம் யோசிக்க வேண்டிய ஒரு விஷயமும் அவற்றில் இருக்கிறது.

ஓட முடியாதவற்றின் ஆயுதம்

நாய் துரத்தினால் கோழி ஓடும். கல்லெறிந்தால் காகம் பறக்கும். செடிக்கு ஓடவும் வழியில்லை, பறக்கவும் வழியில்லை. வேர் பிடித்த இடத்திலேயே நின்று தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்காக அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ஆயுதம் நஞ்சு. வேம்பின் கசப்பு, மிளகாயின் எரிவு, எருக்கலையின் பால், பச்சை மரவள்ளியில் இருக்கும் சயனைட், புகையிலையின் நிக்கொட்டின் ஆகிய எல்லாம் இந்த வகைதான். நமக்கு மருந்தாகவும் சுவையாகவும் பயன்படுபவை, செடியின் பார்வையில் காவல் வேலிகள்.

பாகல், புடோல், பீர்க்கு, சுரை, வெள்ளரி, பூசணி எல்லாம் ஒரே குடும்பத்துக் கொடிகள். இந்தக் குடும்பத்தின் கசப்புக்குக் குக்குர்பிற்றசின் என்னும் பொருள்களும் அவற்றின் உறவுப் பொருள்களும் காரணம். நாம் பயிரிடும் சுரையிலும் வெள்ளரியிலும் இந்தக் கசப்பு மிகக் குறைவு. ஆனால் எப்போதாவது ஒரு காய் கடுங்கசப்பாக விளைந்துவிடுவதுண்டு. அப்படிப்பட்ட சுரைக்காயின் சாற்றை மருந்தென்று எண்ணிக் குடித்தவர்கள் இந்தியாவில் உயிரிழந்திருக்கிறார்கள். ஆகவே சுரைக்காயோ வெள்ளரியோ நாக்கில் கடுமையாகக் கசந்தால் மறுபேச்சின்றி எறிந்துவிடுங்கள். பாகலின் கசப்பு வேறு. கறியாக நாம் உண்ணும் அளவில் அதனால் கெடுதியில்லை.

மனிதனையே வீழ்த்தக்கூடிய நஞ்சைச் சுமக்கும் குடும்பம் இது. இந்தக் குடும்பத்தைத்தான் ஒரு ஈ தன் பிள்ளைகளின் தொட்டிலாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

கொசு வேறு, பழ ஈ வேறு

முதலில் இரண்டு பூச்சிகளை வேறுபடுத்திக்கொள்வோம். குசினியில் வாழைப்பழக் குலை கனிந்தால் அதைச் சுற்றிக் கூட்டமாகப் பறக்கிறதே, அது கொசு. 2 அல்லது 3 மில்லிமீற்றர் நீளம், சிவந்த கண்கள். ஏற்கனவே கனிந்து புளித்த பழத்தைத்தான் இது நாடும். பழத்தைக் கெடுப்பது இதன் வேலையல்ல, கெட்ட பழத்தில் வாழ்வதே இதன் வேலை. விஞ்ஞானிகள் இதனையும் இதன் உறவினங்களையும் துரோசோபிலா என்பார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பரம்பரை இயல்புகளைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டதில் பெரும் பங்கு இந்தச் சிறு கொசுவிடமிருந்து கற்றதுதான்.

பாகற்காயைக் குத்துவது பழ ஈ. ஏறக்குறைய வீட்டு ஈயின் பருமன் இருக்கும். செம்பழுப்பு உடலில் மஞ்சள் கோடுகள், கண்ணாடி போன்ற சிறகுகளில் கறுப்புத் திட்டுகள். பார்த்தால் சிறு குளவி என்று நினைப்போம். பெண் ஈயின் வால் நுனியில் ஊசி போன்ற ஒரு குழல் உண்டு. பூ வாடிச் சில நாட்களே ஆன பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். ஓரிரு நாட்களில் முட்டை பொரிக்கும். ஒரு வாரமளவில் புழு கொழுத்துவிடும். பின்னர் காயைத் துளைத்து வெளியேறி, உடலை வளைத்துத் துள்ளி நிலத்தில் விழுந்து, மண்ணுக்குள் சில சென்ரிமீற்றர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். இன்னும் ஒரு வாரம் பத்து நாட்களில் புதிய ஈ வெளியே வரும். ஒரு தாய் ஈ தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலியோரம் எறிந்த ஒரு சொத்தைக் காயிலிருந்து எத்தனை ஈக்கள் புறப்படும்!

ஆட்டு நாற்றப் பழமும் அதன் விருந்தாளியும்

நஞ்சோடு ஈ எப்படிப் பழகுகிறது என்பதற்கு உலகம் நன்கு ஆராய்ந்த உதாரணம் நமது இந்து சமுத்திரத்திலேயே இருக்கிறது. இலங்கைக்குத் தென்மேற்கே சுமார் 3000 கிலோமீற்றர் தொலைவில் உள்ள சீஷெல்ஸ் தீவுகளில் ஒரு கொசு வாழ்கிறது. 1981 இல் விஞ்ஞானிகள் அதனைத் தனி இனமாக அறிவித்து, தீவின் பெயராலேயே துரோசோபிலா செஷெல்லியா என்று பெயரிட்டார்கள். அதன் உணவு ஒரே ஒரு பழம். நாம் மஞ்சவண்ணா என்றும் தமிழகத்தார் நுணா, மஞ்சணத்தி என்றும் சொல்லும் மரத்தின் இனத்தைச் சேர்ந்த நோனிப் பழம். போத்தலில் அடைத்து மருந்துக் கடைகளில் விற்கப்படும் அதே நோனிதான்.

நோனி கனிந்தால் பக்கத்தில் நிற்க முடியாது. அந்த நாற்றத்துக்கு முக்கிய காரணம் ஒக்டனோயிக் அமிலம். ஆட்டுப்பாலிலும் இருக்கும் இந்த அமிலத்துக்கு ஐரோப்பியர் இட்ட பழைய பெயரே ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் வீட்டுக் கொசு கனிந்த நோனியில் இறங்கினால் தள்ளாடி விழுந்து செத்துப்போகும். செஷெல்லியா கொசுவோ அந்த நாற்றத்தைத் தேடித் தூரத்திலிருந்து வரும். அங்கேயே கூடும், அங்கேயே முட்டையிடும்.

இது எப்படி ஆயிற்று? ஆராய்ந்தவர்கள் ஒரே ஒரு மாற்றத்தை அல்ல, பல மாற்றங்களைக் கண்டார்கள். முதலாவது, அதன் உடல் அந்த அமிலத்தைத் தாங்குகிறது. இரண்டாவது, அதன் மூக்கும் நாக்கும் மாறியிருக்கின்றன. மற்றக் கொசுக்களை விரட்டும் வாசனை அதற்கு அழைப்பாகிவிட்டது. நோனியின் மணத்தை அறியும் நரம்புக் கலங்கள் அதன் உணர்கொம்பில் மற்ற இனங்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று 2020 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூன்றாவதுதான் மிக விசித்திரமானது. முட்டை உருவாகத் தேவையான டோபமின் என்னும் பொருளை அதன் உடல் போதியளவு செய்வதில்லை. அதற்கான மூலப்பொருளான எல்-டோபா நோனிப் பழத்தில் இருக்கிறது என்று 2014 இல் கண்டறிந்தார்கள். பார்க்கின்சன் எனப்படும் நடுக்க நோய்க்கு வைத்தியர்கள் கொடுக்கும் மருந்தும் இந்த எல்-டோபாதான். ஆக, மற்றவற்றைக் கொல்லும் பழம் இந்தக் கொசுவின் வயிற்றில் முட்டையை வளர்க்கும் மருந்தாக இருக்கிறது.

இதனால் அதற்குக் கிடைத்த இலாபம் என்ன? போட்டியில்லாத வீடு. பழம் அழுகி நஞ்சு குறைந்த பிறகுதான் மற்ற இனங்கள் வரும். அதற்குள் இதன் புழுக்கள் வயிறு நிரம்ப உண்டுவிடும்.

ஆனால் இந்தச் சௌகரியத்துக்கு விலையும் உண்டு. செஷெல்லியா இடும் முட்டைகள் அதன் நெருங்கிய உறவினங்கள் இடுவதைவிட மிகக் குறைவு. நோனி இல்லாத இடத்தில் அது செழிப்பதில்லை. ஒரே கதவைத் திறந்துகொண்டு மற்றக் கதவுகளை எல்லாம் சாத்திவிட்ட வாழ்க்கை அது.

இன்னொரு தகவல். ஆபிரிக்கக் கரைக்கும் மடகஸ்காருக்கும் இடையில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மயோட் என்று ஒரு தீவு உண்டு. அங்கே வேறொரு கொசு இனமும் தனியாகவே நோனிக்குப் பழகியிருக்கிறது. ஒன்றையொன்று பார்த்திராத இரண்டு இனங்கள், வெவ்வேறு தீவுகளில், ஒரே நஞ்சை வென்றிருக்கின்றன. நஞ்சு என்பது கடக்க முடியாத மதில் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சைத்தூன் பழத்துத் தாய்

இரண்டாவது உதாரணம் குர்ஆன் ஓதும் ஒவ்வொரு வீட்டுக்கும் பெயரளவில் அறிமுகமான மரம். சைத்தூன், அதாவது ஒலிவ் மரம். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் சைத்தூன் தோட்டக்காரர்களின் பெரிய எதிரி ஒரு பழ ஈ. நம் பாகற்காய் ஈக்கு உறவு.

பச்சைச் சைத்தூன் காயை மரத்திலிருந்து பறித்து அப்படியே தின்ன முடியாது. அவ்வளவு கசப்பு. உப்பு நீரில் பல நாட்கள் ஊறவைத்துத்தான் உண்பார்கள். அந்தக் கசப்பைத் தரும் ஒலியூரோபீன் என்னும் பொருள், உணவிலுள்ள புரதத்தைப் பூச்சியின் வயிறு செரிக்க முடியாதபடி கெடுத்துவிடும். வயிறு நிரம்பத் தின்றும் பட்டினியால் சாகும் நிலை. இந்தப் புழு மட்டும் தப்புவது எப்படி?

அதன் குடலில் வாழும் ஒரு பற்றீரியாவே அதற்குத் துணை. தாய் ஈயின் தலைக்குள் இந்தப் பற்றீரியாவைச் சேமித்து வைக்க ஒரு சிறு பை இருக்கிறது. முட்டையிடும்போது தாய் முட்டையின் மேல் இந்தப் பற்றீரியாவைத் தடவி விடுகிறது. பிறக்கும் புழுவின் முதல் ஆகாரமே தாய் கொடுத்த இந்தச் சீதனம்தான். இந்தப் பற்றீரியாவை நீக்கிவிட்டுச் சோதித்தபோது, புழுக்கள் கறுத்துக் கனிந்த சைத்தூனில் வளர்ந்தன, பச்சைக் காயில் வளரவில்லை. பற்றீரியா இருப்பதை இத்தாலிய விஞ்ஞானி ஒருவர் 1909 ஆம் ஆண்டளவிலேயே கவனித்திருந்தார். அதன் பயன் என்ன என்பது தெளிவாக விளங்க நூறு ஆண்டுகள் சென்றன.

ஈ தன் உடலை மாற்றிக்கொள்வது ஒரு வழி. தன்னால் முடியாததை முடிக்கக்கூடிய ஒரு கூட்டாளியை வயிற்றில் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. அந்தக் கூட்டாளியைப் பிள்ளைக்கும் விட்டுச் செல்வது தாயின் வேலை.

குசினிக் கொசுவின் உபாயம்

மூன்றாவது உதாரணம் நம் வீட்டு வாழைப்பழக் கொசு. பழம் புளிக்கும்போது மதுசாரம் உண்டாகிறது. அநேகப் பூச்சிகளுக்கு அது நஞ்சு. கொசுவின் புழுவோ அதை முறித்து உணவாக்கும் நொதியத்தை உடலில் வைத்திருக்கிறது. ஓரளவு மதுசாரம் உள்ள பழத்தில் அது சுகமாக வளரும்.

இதை அது தற்காப்பாகவும் பயன்படுத்துகிறது. கொசுப் புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று வளரும் ஒரு வகைச் சிறு குளவி உண்டு. அந்தக் குளவியைக் கண்ட தாய்க் கொசு, மதுசாரம் கூடிய இடத்தைத் தேடிச் சென்று முட்டையிடுவதாக 2013 இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அங்கே குளவியின் குஞ்சு பிழைக்காது, கொசுவின் குஞ்சு பிழைக்கும். ஒன்றுக்கு நஞ்சு, மற்றதற்கு அரண்.

குசினியில் இந்தக் கொசுவைக் கட்டுப்படுத்த மருந்து அடிக்கத் தேவையே இல்லை. ஒரு கோப்பையில் கொஞ்சம் வினாகிரியை ஊற்றி, பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவத்தில் ஒரு துளி விட்டு, கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி மேலே செருகி வையுங்கள். வாசனைக்கு உள்ளே போகும் கொசு, சவர்க்காரம் கலந்த நீரில் அமிழ்ந்துவிடும். கனிந்த பழத்தை மூடி வைத்து, குப்பைக் கூடையை அன்றாடம் வெறுமையாக்கினாலே பாதித் தொல்லை போய்விடும்.

நாம் அடிக்கும் மருந்தும் ஒரு நஞ்சுதான்

இப்போது விஷயத்துக்கு வருவோம். செடியின் நஞ்சை வெல்லும் வழிகளைப் பார்த்தோம். நஞ்சை முறிக்கும் நொதியம், நஞ்சை உணரும் புலனில் மாற்றம், வயிற்றுக்குள் கூட்டாளி. கடையில் நாம் வாங்கும் பீடைநாசினி ஈயின் கண்ணுக்கு என்ன? இன்னுமொரு நஞ்சு. அதற்கும் ஈ அதே ஆயுதங்களையே எடுக்கிறது.

டி.டி.ரீ. மருந்தின் பூச்சிகொல்லும் தன்மை 1939 இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்டவருக்கு 1948 இல் நோபல் பரிசு கிடைத்தது. பூச்சிகளின் காலம் முடிந்தது என்று உலகம் எண்ணியது. பிறகு டி.டி.ரீ.க்குச் சாகாத கொசுக்கள் தோன்றின. 2002 இல் அவற்றை ஆராய்ந்தவர்கள், நஞ்சை முறிக்கும் நொதியம் ஒன்றுக்குரிய ஒரே ஒரு பரம்பரை அலகு அவற்றில் அளவுக்கு மீறி வேலை செய்வதைக் கண்டார்கள். உலகின் பல பாகங்களிலிருந்து பிடித்த கொசுக்களிலும் அதே மாற்றம் இருந்தது.

கிரேக்க நாட்டுத் தோட்டங்களில் பல்லாண்டுகள் மருந்தடித்ததன் பலனாக, அந்த மருந்து தாக்கும் இடமே மாறிப்போன சைத்தூன் ஈக்கள் உருவாகின. மாம்பழத்தையும் கொய்யாவையும் குத்தும் கீழைத்தேயப் பழ ஈயின் குடலில் வாழும் ஒரு பற்றீரியா, பீடைநாசினி ஒன்றைச் சிதைத்து ஈயைக் காப்பாற்றுவதாகச் சீன விஞ்ஞானிகள் 2017 இல் காட்டினார்கள். சைத்தூன் ஈயின் கதைதான் திரும்பவும். இந்தத் தடவை கசப்புக்குப் பதில் மருந்து.

நம் நாட்டு அனுபவமும் இதற்கு வேறானதல்ல. 1940களின் நடுப்பகுதியிலிருந்து மலேரியா நுளம்புக்கு எதிராக வீடு வீடாக டி.டி.ரீ. அடிக்கப்பட்டது. 1963 இல் முழு இலங்கையிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. விழிப்புத் தளர்ந்தது. 1960களின் பிற்பகுதியில் நோய் இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. நுளம்பும் டி.டி.ரீ.யைத் தாங்கப் பழகிக்கொண்டிருந்தது. 1977 இல் மலத்தியன் என்னும் வேறு மருந்துக்கு மாற நேர்ந்தது. கடைசியில் நோயாளரைத் தேடிப் பரிசோதித்துச் சிகிச்சை அளிப்பது, நுளம்பு பெருகும் நீரைக் கவனிப்பது, வலை, மருந்து என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்த உழைப்பின் பயனாக, 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்றது. மருந்தைத் தனியே நம்பியபோது பாதி வழியில் நின்றோம்.

நஞ்சு வேலை செய்யும் முறையைக் கவனியுங்கள். நூறு ஈக்களில் தொண்ணூற்றைந்தைக் கொன்றுவிடலாம். மீதி ஐந்தும் ஏன் பிழைத்தன? அவற்றின் உடலில் ஏதோ ஒரு வித்தியாசம் இருந்தது. அடுத்த பருவத்தில் முட்டையிடுபவை அந்த ஐந்துமே. பிள்ளைகளும் தாயைப் போலவே இருக்கும். "போன வருஷம் ஒரு மூடி போட்டால் போதும், இந்த வருஷம் மூன்று மூடி போட்டும் சாகவில்லை" என்று தோட்டக்காரர் சொல்வதன் பொருள் இதுதான்.

அந்த மூன்று மூடியும் போகும் இடம் எது? பாகற்காயின் மேல்தான். புழு காய்க்குள்ளே பத்திரமாக இருக்கிறது, மருந்து வெளியே படிகிறது. சில மருந்துகள் செடிக்குள்ளும் ஊறிவிடும். அவற்றைக் கழுவிப் போக்க முடியாது. மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்பது போத்தலில் எழுதியிருக்கும். சந்தை விலையைப் பார்த்து அந்த நாட்களைக் காத்திருக்காதவர்களும் உண்டு. நம் தோட்டத்தில் நாமாவது காத்திருக்க வேண்டாமா?

இன்னொன்று. பழ ஈக்கு அடித்துவந்த பென்தியன் என்னும் மருந்தும், டைமெதோயேற், பரகுவாட் ஆகிய மருந்துகளும் 2008 தொடக்கம் 2011 வரையான காலத்தில் இலங்கையில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அதன் பின்னர் பீடைநாசினி அருந்தி உயிரிழப்போர் தொகை குறைந்தது. கோபத்திலோ கவலையிலோ ஒருவர் நிதானம் இழக்கும் ஒரு நொடியில் கைக்கெட்டும் தூரத்தில் போத்தல் இல்லாதிருப்பதே ஓர் உயிரைக் காக்கும். குசினி அலுமாரியிலும் கட்டிலுக்கடியிலும் பீடைநாசினி வைக்கும் வழக்கம் எந்த வீட்டிலும் வேண்டாம். பிள்ளைகள் குடித்துவிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

ஈக்குப் பழக முடியாத வேலை

அப்படியானால் பாகற்காயை ஈக்கே விட்டுவிடுவதா? இல்லை. நஞ்சுக்கு ஈ பழகலாம். கைவேலைக்குப் பழகுவது அதற்கு எளிதல்ல. இரண்டடி மண்ணை முறிக்க எந்த நொதியமும் இல்லை. நம் பெண்கள் வளவிலேயே செய்யக்கூடிய வேலைகள் இவை.

பிஞ்சை மூடுங்கள். பூ வாடியதும், பிஞ்சு விரல் நீளம் இருக்கும்போதே, பழைய பத்திரிகைத் தாளை இரண்டாக மடித்துக் குழாய் போலச் செய்து பிஞ்சை உள்ளே விட்டுக் காம்போடு கட்டிவிடுங்கள். மழை நீர் வடிய அடியில் சிறு துவாரம் இருக்கட்டும். பூ விரிந்திருக்கும்போது மூடினால் காய் பிடிக்காது. வாடி நாலைந்து நாள் சென்று மூடினால் ஈ முந்திவிடும். பாகலுக்கும் புடோலுக்கும் இது மிக நன்றாகப் பலன் தரும். கைக்கெட்டும் உயரத்திலுள்ள மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் கடதாசிப் பை கட்டலாம்.

விழுந்த காயை அன்றன்றே பொறுக்குங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சொத்தைக் காயை வேலிக்கு வெளியே எறிவது ஈக்குப் பண்ணை வைத்துக் கொடுப்பதற்குச் சமம். பசளைக் குழியில் போடுவதும் அப்படியே. இரண்டடி ஆழத்தில் புதைத்து மண்ணை இறுக்கி மூட வேண்டும். அல்லது கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, நல்ல வெயிலில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். உள்ளிருக்கும் புழு வெக்கையில் செத்துவிடும்.

கொடியின் அடியை அடிக்கடி கிளறிவிடுங்கள். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெயிலில் காயும். வளவுக் கோழிகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பொறி வையுங்கள். விவசாயத் திணைக்களத்தார் பரிந்துரைக்கும் வாசனைப் பொறிகள் உண்டு. பாகற்காய் ஈயின் ஆணுக்குக் கியூ லூர் என்ற வாசனை, மாம்பழ ஈயின் ஆணுக்கு மெதைல் இயூஜினோல் என்ற வாசனை. இந்த இரண்டாவது, துளசியிலும் உள்ள பொருள். ஆண் ஈ அதைத் தேடித் தின்று, உடலில் மாற்றி, பெண்ணைக் கவரும் அத்தராகப் பூசிக்கொள்கிறது. அதைத் தின்ற ஈயைப் பல்லிகள் கூட விரும்பி உண்பதில்லை என்று மலேசியாவில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ஆசையையே பொறியாக்குகிறார்கள். ஆனால் பொறியில் விழுவது ஆண் மட்டும். ஏற்கனவே கருக்கொண்ட பெண் ஈ வெளியேதான் திரியும். ஆகவே பொறி தனியே போதாது. மூடுவதோடும் பொறுக்குவதோடும் சேர்ந்தால்தான் பயன்.

நாலு வீடு சேர்ந்து செய்யுங்கள். ஈக்கு வேலி தெரியாது. நீங்கள் பொறுக்கிப் புதைக்க, பக்கத்து வளவில் கொய்யாப்பழம் விழுந்து அழுகிக் கிடந்தால் உழைப்பு வீண். ராத்தா, மாமி, மச்சி என்று ஒரே ஒழுங்கைக்குள் வாழும் நம் ஊர்களில் இது கஷ்டமான காரியமல்ல.

இப்படியான வேலை பெரிய அளவிலும் வெற்றி பெற்றிருக்கிறது. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகளில் பாகற்காய் அன்றாட உணவு. அங்கே இதே பாகற்காய் ஈ பரவியிருந்ததால், காய்களை நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு அனுப்பத் தடை இருந்தது. 1972 இல் வேலையைத் தொடங்கினார்கள். ஈக்களை ஆலையில் வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, கோடிக்கணக்கில் பறக்கவிட்டார்கள். மலட்டு ஆணோடு சேர்ந்த பெண் இடும் முட்டை பொரிப்பதில்லை. 1978 இல் ஒரு சிறு தீவில் ஈ ஒழிந்தது. 1993 இல் ஒக்கினாவா முழுவதிலும் ஒழிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொறுமை அது. அதன் பிறகே ஒக்கினாவாப் பாகற்காய் ஜப்பான் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

அவ்வளவு பெரிய ஆலை நம்மிடம் இல்லை. ஆனால் பழைய பத்திரிகைத் தாளும் மண்வெட்டியும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன. சம்மாந்துறையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. பூச்சியைக் கண்டால் அருவருக்காமல் உற்றுப் பார்க்கும் பெண்பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அவளைத் தடுக்காதீர்கள். நோனிக் கொசுவின் மூக்கையும் சைத்தூன் ஈயின் குடலையும் ஆராய்ந்தவர்கள் அப்படி உற்றுப் பார்த்த பிள்ளைகள்தாம். நம் பாகற்காய் ஈயின் இரகசியத்தை நம் பிள்ளை ஒருத்தி கண்டு சொல்லட்டுமே!

கசப்பை உணவாக்க ஈக்கு எத்தனையோ தலைமுறைகள் சென்றன. நாம் அடிக்கும் மருந்துக்கு அவ்வளவு காலம் அதற்குத் தேவைப்படவில்லை. நஞ்சின் பாதையில் அதோடு போட்டியிட்டால் அது பழகிக்கொண்டே போகும், நம் பிள்ளைகளின் தட்டில் விழும் நஞ்சு கூடிக்கொண்டே போகும். இன்று அஸருக்குப் பிறகு ஒரு கால்மணி நேரம் கொடியடியில் நின்று, விழுந்ததைப் பொறுக்குங்கள், பிஞ்சை மூடுங்கள். அடுத்த மாதம் நீங்கள் பறிக்கும் காயில் அதன் பலன் தெரியும்.